பதினான்கு சீட்டும் ஒரு பட்டப்பெயரும்

புள்ளியியல் வகுப்பின் முதல் நாளில் நாலைந்து பிஸ்கட் டப்பாக்களோடு போவது என் வழக்கம். ஒவ்வொன்றிலும் பத்துச் சீட்டு. மூன்றில் மட்டும் சிவப்புப் புள்ளி. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், ஆளுக்குப் பதினான்கு முறை. போன தடவை நாற்பது பேரில் மூன்று பேருக்கு ஒரே ஒரு சிவப்புதான் வந்தது. “பதற்றத்தில் கை நடுங்கிவிட்டதோ?” என்றேன். வகுப்பே சிரித்தது.

அப்புறம்தான் பேஸ்பால் கதை. 2006 பிளே-ஆஃபில் (பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) நியூயார்க் யாங்கீஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிக்ஸ், கணக்கில் வந்த 14 வாய்ப்புகளில் அடித்தது ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் தளம் சேர்வது). நட்சத்திர பேட்டரைக் கடைசி ஆட்டத்தில் பேட்டிங் வரிசையில் எட்டாவது இடத்துக்கு இறக்கினார்கள். நெருக்கடி வந்தால் ஒடிந்துவிடுவார் என்று பேச்சு. ஆனால் என் டப்பாவைப் போலப் பத்துக்கு மூன்று அடிக்கும் ஒருவருக்கு, மனதில் துளிப் பதற்றம் இல்லாவிட்டாலும், 14 வாய்ப்பில் ஒன்றோ பூஜ்யமோ வருவது நூற்றில் ஐந்து முறை நடக்கக்கூடியதுதான். 2009 பிளே-ஆஃபில் அதே மனிதர் ஆறு ஹோம் ரன் (பெரும்பாலும் பந்து வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். யாங்கீஸ் கோப்பையை வென்றது.

புகழும் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. 2001 உலகத் தொடரில் (பிளே-ஆஃபின் இறுதித் தொடர்) நள்ளிரவு தாண்டி, நவம்பர் பிறந்த சில நிமிடங்களில் அதே யாங்கீஸின் டெரக் ஜீட்டர் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தை முடித்து வைத்தது. ‘மிஸ்டர் நவம்பர்’ ஆனார். அந்தத் தொடர் முழுக்க அவர் எடுத்தது 27 வாய்ப்பில் நான்கே ஹிட்! வாழ்நாள் சராசரி .310, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 310 ஹிட்; பிளே-ஆஃபில் .308. 158 பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஆடியவர் என்பதால் இந்த இரண்டு எண்களையும் நம்பி ஒப்பிடலாம். எனக்கு இவர் நெருக்கடியில் மாறாத மனிதராகத்தான் தெரிகிறார், அதுவே பெரிய விஷயம்.

இன்னொன்று: ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பேட்டருக்கு எதிரே நிற்பவர் பெரும்பாலும் களைப்பில்லாமல் புதிதாக இறங்கிய, மிக வேகமான பிட்சர் (பந்து வீசுபவர்). அங்கே ஹிட் குறைந்தால் பழியை மனதின் மேல் மட்டும் போட முடியுமா?

சரி, பதற்றமே பொய்யா? அப்படியும் சொல்லமாட்டேன். 2000-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் ரிக் ஆங்கியல், 21 வயது, முதல் பிளே-ஆஃப் ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் அவர் வீசிய ஐந்து பந்துகள் கேட்சருக்குப் பிடிபடாமல் ஓடின. அதற்குப்பின் பழைய கட்டுப்பாடு அவருக்குத் திரும்பவேயில்லை. பந்து வீசுவதை விட்டுவிட்டு, 2007-இல் அவுட்ஃபீல்டராக (மைதானத்தின் வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்பவர்) திரும்பி வந்தார். வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார். என் பிஸ்கட் டப்பாவை எத்தனை முறை குலுக்கினாலும் ஆங்கியலின் கதை அதிலிருந்து வராது.