மெடிகெய்ட் மோசடி: மாநிலச் சட்டம் ஃபெடரல் சட்டத்துக்கு ஈடாக இருந்தால் கிடைக்கும் 10 சதவீதப் புள்ளிகள்

பழைய நோயாளி ஒருவர் சாதாரணமாக வந்து போனதற்கு 99213 என்ற குறியீட்டைப் போட வேண்டிய இடத்தில், தொகை அதிகமான 99215 தொடர்ந்து போடப்படுவதை அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பில்லிங் ஊழியர் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (சென்னையில் மெடிக்கல் கோடிங் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம்.) அந்த நோயாளி, வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் திட்டத்தில் இருப்பவரானால், ஏமாற்றப்படுவது ஓர் அரசு அல்ல, இரண்டு அரசுகள், மெடிகெய்ட் செலவை ஃபெடரல் (மத்திய) அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஃபெடரல் அரசின் கையில் இருப்பது, உள்நாட்டுப் போர்க்காலத்தில் இராணுவத்தை ஏமாற்றிய ஒப்பந்ததாரர்களுக்கு எதிராக 1863-இல் இயற்றப்பட்டு, 1986-இல் வலுப்படுத்தப்பட்ட பொய்க்கோரிக்கைச் சட்டம். மோசடியை அறிந்த தனிநபரே அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம் என்பதுதான் இதன் உயிர்நாடி. இவ்வகை வழக்கைக் ‘குய் டாம்’ என்பார்கள். இழப்பைப் போல மூன்று மடங்கும், ஒவ்வொரு பொய்க்கோரிக்கைக்கும் தனி அபராதமும் விதிக்கப்படும். மீட்கப்படும் தொகையில், அரசு வழக்கில் சேர்ந்துகொண்டால் பொதுவாக 15 முதல் 25 சதவீதமும், சேராவிட்டால் 25 முதல் 30 சதவீதமும் வழக்குத் தொடுத்தவருக்குச் சேரும்.

இதே போன்ற சட்டத்தை மாநிலங்களும் இயற்ற வேண்டும் என்று வாஷிங்டன் கட்டளையிடவில்லை, காசைக் காட்டியது. 2005-ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்தின்படி, தகுதியான சட்டம் உள்ள மாநிலம் அந்தச் சட்டத்தின் கீழ் மீட்கும் மெடிகெய்ட் பணத்தில் ஃபெடரல் பங்கு 10 சதவீதப் புள்ளிகள் குறையும். செலவைப் பாதிக்குப் பாதி ஏற்கும் மாநிலம் 100 டாலரை மீட்டால், 50 டாலருக்குப் பதில் 60 டாலரை வைத்துக்கொள்ளலாம். 2007 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

தகுதியை முடிவு செய்வது, ஃபெடரல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலைக் கலந்துகொண்டு, சுகாதார, மனிதச் சேவைகள் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம். மெடிகெய்ட் தொடர்பான பொய்க்கோரிக்கைகளுக்கு மாநிலச் சட்டம் பொறுப்பைச் சுமத்த வேண்டும்; வழக்கு 60 நாட்கள் முத்திரையிடப்பட்டு, அதாவது வெளியே தெரியாமல் வைக்கப்பட்டு, மாநில அட்டர்னி ஜெனரலின் பரிசீலனையில் இருக்க வேண்டும்; அபராதம் ஃபெடரல் தொகைக்குக் குறையக் கூடாது. இவற்றோடு, தனிநபர் வழக்குகளை ஊக்குவிப்பதிலும் அவற்றுக்கு வழிசெய்வதிலும் அது ஃபெடரல் சட்டத்துக்கு ‘ஈடான பயன்’ உடையதாகவும் இருக்க வேண்டும். சிக்கலெல்லாம் இந்தக் கடைசி நிபந்தனையில்தான், ஏனென்றால் அளவுகோலே நகர்ந்துகொண்டிருக்கிறது. 2009-லும் 2010-லும் ஃபெடரல் சட்டம் மூன்று முறை திருத்தப்பட்டது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மாநிலங்களுக்கு, உங்கள் சட்டம் இப்போது போதாது என்று 2011 மார்ச்சில் கடிதம் போனது. திருத்திக்கொள்ள 2013 மார்ச் 31 வரை அவகாசம் கிடைத்தது. பிறகு, பணவீக்கத்துக்கு ஏற்ப அபராதத்தை உயர்த்தச் சொல்லும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 5,500 முதல் 11,000 டாலர் வரை இருந்த அபராதம் 2016-இல் 10,781 முதல் 21,563 டாலராக ஏறியது. 2024-இல் 13,946 முதல் 27,894 டாலர். பழைய எண்களைச் சட்டத்தில் அப்படியே எழுதி வைத்திருந்த மாநிலங்கள் மறுபடியும் திருத்தத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. ‘ஃபெடரல் சட்டம் அனுமதிக்கும் அபராதத்துக்குச் சமமாக’ என்று எழுதிய நியூயார்க் செய்ததே புத்திசாலித்தனம் என்பேன்.

ஈடாக இருப்பதற்குத்தான் விதி, மிஞ்சுவதற்குத் தடையில்லை. ஃபெடரல் சட்டம் வருமான வரி மோசடியைத் தொடாது, நியூயார்க்கோ 2010-இல் மாநில வரி ஏய்ப்பையும் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மறுபுறம், விஸ்கான்சின் 2015-இல் தன் சட்டத்தையே நீக்கிவிட்டது. அதற்கும் தடையில்லை.

ஆண்டுக்கு 50 லட்சம் டாலரோ அதற்கு மேலோ மெடிகெய்ட் பணம் பெறும் நிறுவனம், ஃபெடரல், மாநிலச் சட்டங்களையும் புகார் செய்பவருக்குப் பழிவாங்கலுக்கு எதிராக உள்ள பாதுகாப்பையும் தன் எழுத்துபூர்வக் கொள்கையில் விளக்கியாக வேண்டும். ஊழியர் கையேடு இருந்தால் அதிலும் இது இடம்பெற வேண்டும். புகார் செய்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், ஃபெடரல் சட்டத்தின்படி வேலையையும் நிலுவைச் சம்பளத்தைப் போல இருமடங்கையும் கேட்கலாம்; அதற்கான வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். மீட்கப்படும் தொகையில் பங்கு தரும் குய் டாம் வழக்கில் காலம் இன்னும் நெருக்கும்: ஒரே மோசடியைப் பற்றி வேறொருவர் முந்திக்கொண்டு வழக்குப் போட்டிருந்தால், பின்னால் வருபவரின் வழக்கு நிற்காது.