துருவின் மேல் துத்தநாகம் நிற்காது

மறுபடியும் அதே புகார். துருப்பிடிக்காமல் இருக்க உருக்கிய துத்தநாகத்தை ஸ்ப்ரே செய்த இரும்புத் தூணில் பூச்சு பட்டை பட்டையாக உரிந்து வருகிறது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பழுப்புத் தூள், தேய்த்தால் விரலோடு வருகிறது. துத்தநாகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது இரும்பைத் தொடவே இல்லை.

"உருகிய உலோகம்தானே, அந்தச் சூட்டில் துரு எரிந்துவிடும்" என்கிறார்கள். தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். துரு என்பதே இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டானது. அதில் மேற்கொண்டு எரிய என்ன இருக்கிறது? 419 டிகிரியில் உருகும் துத்தநாகம் பொடித் துளிகளாகப் பறந்து வந்து, மோதிய கணத்தில் தட்டையாகி உறைந்துவிடும். இரும்பு கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். வெல்டிங் போல இரண்டும் கலப்பதில்லை. துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் கால்வனைசிங்கில் இரண்டும் கலந்த அடுக்குகள் உண்டாகும். அங்கேகூட ஆசிட்டில் துருவை எடுத்த பிறகுதான் முக்குகிறார்கள். ஸ்ப்ரேக்குப் பிடிமானம் பெரும்பாலும் இரும்பின் சொரசொரப்புதான்.

அதனால் கம்பி பிரஷும் கிரைண்டரும் போதாது. கிரைண்டர் மேற்பரப்பை வழவழப்பாக்கி இன்னும் கெடுக்கும். கூர்முனை கிரிட்டால், அதாவது கூரான கடினத் துகள்களை வேகமாக அடித்து, பிளாஸ்ட் செய்யுங்கள், உருண்டைத் துகளான ஷாட் வேண்டாம். எஸ்ஏ 2½ சுத்தமாவது (லேசான கறை தவிர துரு மிஞ்சாத அளவு) கட்டாயம், துத்தநாகத்துக்குப் பதில் அலுமினியம் ஸ்ப்ரே செய்வதென்றால் எஸ்ஏ 3 (அந்தக் கறையும் இல்லாத அளவு). திரும்பத் திரும்ப அடித்து முனை மழுங்கிய கிரிட்டும் இரும்பை வெள்ளையாகக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேடு பள்ளத்தை அளந்து பாருங்கள், 50 முதல் 100 மைக்ரான் இருக்கட்டும்.

பிளாஸ்ட் முடித்துவிட்டு, நாளைக்கு ஸ்ப்ரே செய்யலாம் என்று கிளம்பாதீர்கள்! நான்கு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும். அப்புறம் சீலர். பூச்சில் நுண்துளைகள் உண்டு, அவற்றை அடைக்காமல் விடுவது பாதி வேலை.

ஸ்ப்ரே அடிக்கும் தம்பிகளே, முகத்தில் கட்டிய துணி துத்தநாகப் புகையைத் தடுக்காது. சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வந்தால் காரணம் அந்தப் புகைதான். காற்றுக் குழாய் வைத்த முகமூடி கேளுங்கள், கொடுக்காவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒன்று: அதே ஆள், அதே கிரிட், அதே மெஷினில் ஒரு சிறு தகட்டில் அடித்து, உங்கள் முன்னால் வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய விரிசல் விழுந்தால் பரவாயில்லை. பூச்சு எழும்பி உரிந்தால் தூணில் கைவைக்க விடாதீர்கள்.