நோட்ஸ மூடிட்டு மொதல்ல பாட்டப் படிங்க

கும்பகோணம் பக்கம் காலேஜ்ல தமிழ் நடத்துறேன். ஒவ்வொரு செமஸ்டரும் திறனாய்வு பேப்பர் திருத்துறப்போ மனசுக்கு கஷ்டமாயிடும், மார்க்சியம்னா என்ன பெண்ணியம்னா என்னன்னு நோட்ஸ்ல இருக்குறத அப்படியே நாலு பக்கம் எழுதியிருப்பாங்க, ஆனா ஒரே ஒரு பாட்டுலயாவது அத வச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. அணுகுமுறைங்கறது வேற ஒண்ணுமில்ல பிள்ளைங்களா, படைப்புகிட்ட நாம போய் கேக்குற கேள்வி.

வகுப்புல நான் எப்பவும் குறுந்தொகை 8ஆம் பாட்டத்தான் எடுப்பேன், ஆலங்குடி வங்கனார் பாடினது. வயலோர மாமரத்துலேர்ந்து தானா விழுற பழத்த வாளை மீன் கவ்விக்குற ஊர்க்காரன், எங்க வீட்டுல பெரிய பேச்சு பேசிட்டு, தன் வீட்டுக்குப் போனா மகனோட அம்மாவுக்கு கண்ணாடியில தெரியுற பாவை மாதிரி ஆடுறான்னு ஒருத்தி சொல்றா. அவனோட பரத்தை சொல்றதுன்னு பாட்டோட கூற்றுக் குறிப்புல இருக்கும், அத மறைச்சிட்டுதான் குடுப்பேன். கேம்பிரிட்ஜ்ல ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ்ங்கற ஆங்கில விமர்சகர், கவிஞர் பேர எடுத்துட்டு கவிதைய மாணவர்கள்ட்ட குடுத்து எழுத வச்சாரே, 1929ல புத்தகமாவும் வந்துச்சே, அந்த வழிதான். நம்ம பிள்ளைகளுக்கு வாய்க்கால் வாளைய நல்லா தெரியும், அது தேடிப் போகல, பழம்தான் தேடி வந்துச்சுன்னு டக்குனு புடிச்சுடுவாங்க, அப்புறம் யாரு மீனு யாரு பழம்னு ஒரு மணி நேரம் சண்ட. பாட்டு எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்குற உருவம் சார்ந்த திறனாய்வு அங்கேயே ஆரம்பிச்சாச்சு. ஒரு பொண்ணு கேட்டா, "ஐயா, மனைவின்னு சொல்லாம ஏன் மகனோட அம்மான்னு சொல்றா?" பெண்ணியம்ங்கற வார்த்தைய அவ சொல்லவே இல்ல, ஆனா எனக்கு அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம். அந்த வயல்ல நாத்து நட்டவங்க பாட்டுல ஏன் இல்லன்னு இன்னொருத்தன் கேட்டான், அது மார்க்சியக் கேள்வி.

கேள்வி மாறுனா தீர்ப்பும் மாறும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில, கூலி உயர்வு கேட்டுப் போராடின தலித் விவசாயக் கூலிகள் குடும்பங்கள்ல 44 பேர எரிச்சுக் கொன்னாங்க. அத அடிப்படையா வச்சு இந்திரா பார்த்தசாரதி எழுதின குருதிப்புனல் நாவலுக்கு 1977ல சாகித்ய அகாதமி விருது கெடச்சுது. நாவல் நிலக்கிழாரோட ஆண்மைக் குறையில, அதாவது அவர் மனசுல, போய் காரணம் தேடுது, கூலிப் போராட்டத்த அது பின்னுக்குத் தள்ளிடுச்சுன்னு இடதுசாரிகள் கடுமையா விமர்சிச்சாங்க. இந்த மண்ணுல பொறந்தவன், நானும் அவங்க பக்கம்தான். நீங்க படிச்சிட்டு உளவியல் பக்கம் நின்னு எனக்கு எதிரா எழுதுங்க, முழு மார்க் போடுறேன், ஆனா நாவல்ல எந்த இடத்துல அத பாத்தீங்கன்னு காட்டியிருக்கணும்.