கிரிட்டிசிசம்: களத்துமேட்டில் பிறந்த சொல்

செய்தித்தாளில் 'கடுமையாக விமர்சித்தார்' என்று வந்தால், திட்டினார் என்றுதான் நாம் படிக்கிறோம். 'விமர்சனத்துக்கு உள்ளானார்' என்றால் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் கிரிட்டிசிசம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இலக்கியம் படிக்க வருகிற பலருக்கும், கிரிட்டிக் என்றால் குறை சொல்வதற்கென்றே உட்கார்ந்திருப்பவர் என்ற எண்ணம் முதலில் வருகிறது. சொல் பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், இந்தப் பொருள் எவ்வளவு தூரம் விலகி வந்தது என்று தெரியும்.

மூலம் கிரேக்க மொழியின் 'கிரினெய்ன்' என்ற வினைச்சொல். பிரித்தெடு, தேர்ந்தெடு, தீர்மானி என்று அதன் பொருள் விரியும். லத்தீனில் சல்லடையைக் குறிக்கும் 'கிரீப்ரும்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் ஐந்தாம் காண்டத்தில் இந்த வினைச்சொல் வருகிற இடம் அருமையானது. போரில் குதிரைகள் கிளப்பிய புழுதி கிரேக்க வீரர்கள்மேல் வெள்ளையாகப் படிகிறது. அதற்கு உவமையாக ஹோமர் நெற்களம் போன்றதொரு களத்தைக் காட்டுகிறார்: ஆட்கள் தானியம் தூற்றுகிறார்கள், வீசுகிற காற்றில் பயிர்த் தெய்வமான தெமேத்தேர் மணியையும் பதரையும் பிரிக்கிறாள், பதர்க் குவியல் வெளுத்துக்கொண்டே போகிறது. அங்கே 'பிரிக்கிறாள்' என்பதற்கு ஹோமர் போட்ட சொல்தான் கிரினெய்ன்.

இந்த ஒரு வினையிலிருந்து ஒரு குடும்பமே கிளைத்தது. தீர்ப்புச் சொல்பவர் 'கிரிதேஸ்'. தீர்ப்பு அல்லது முடிவு 'கிரிசிஸ்'. தீர்ப்புக்கான அளவுகோல் 'கிரிதேரியோன்'. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் கிரிசிஸ் என்ற சொல்லை எடுத்து, நோய் தணியப்போகிறதா முற்றப்போகிறதா என்று தெரிந்துவிடுகிற கட்டத்துக்கு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் 'கிரிட்டிகலா இருக்கு' என்று இன்று நாம் கேட்கிற சொல் அந்த வழியில் வந்தது.

இலக்கியத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? ஏதென்ஸில் நாடகம் போட்டியாகவே நடந்தது. மதுவுக்கும் நாடகத்துக்கும் தெய்வமான தியோனிசஸின் விழாவில், நகரின் பத்துக் குலங்களுக்கும் ஆளுக்கொருவராகப் பத்து நடுவர்கள். குடங்களில் போட்ட பெயர்களிலிருந்து குலுக்கி எடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள் அவர்கள். அவர்களுக்குப் பெயர் கிரிதேஸ் என்பதன் பன்மைதான். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்தோபனீஸின் நாடகங்களில் பாடற்குழு நேராக அவர்களைப் பார்த்தே 'எங்களுக்குப் பரிசு கொடுங்கள்' என்று கேட்கும்.

அதே அரிஸ்தோபனீஸ் கி.மு. 405-இல் அரங்கேற்றிய 'தவளைகள்' நாடகம், நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய, விரிவான இலக்கியத் திறனாய்வுக் காட்சி என்றே சொல்வேன். துன்பியல் நாடகக் கவிஞர் யூரிபிடீஸ் இறந்துபோய்விட்டார், ஏதென்ஸில் நல்ல கவிஞர் இல்லை என்று தியோனிசஸ் கடவுள் பாதாளத்துக்குப் போகிறார். அங்கே முந்தைய தலைமுறைத் துன்பியல் கவிஞர் எஸ்கிலஸும் யூரிபிடீஸும் மோதுகிறார்கள். ஒருவர் நடையை மற்றவர் வரி வரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். அப்புறம் ஒரு தராசு வருகிறது. ஆளுக்கொரு வரி சொல்லித் தட்டில் வைக்க வேண்டும். யூரிபிடீஸ், ஆர்கோ கப்பல் பறந்து போகாமலே இருந்திருக்கக் கூடாதா என்று தன் 'மீடியா' நாடகத்தின் முதல் வரியை வைக்கிறார். எஸ்கிலஸ், ஸ்பெர்கேயோஸ் ஆறே, மாடுகள் மேயும் இடங்களே என்று ஒன்றை வைக்கிறார். எஸ்கிலஸின் தட்டு இறங்குகிறது. ஏன்? கம்பளி வியாபாரி எடை கூட்ட நனைப்பதுபோல் அவர் ஆற்றையே கொண்டுவந்து வைத்துவிட்டார். யூரிபிடீஸின் வரிக்கோ சிறகு இருந்தது என்கிறார் தியோனிசஸ். கூட்டம் சிரித்திருக்கும். ஆனால் ஒரு வரியை எந்த அளவுகோலால் எடை போடுவது என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கு முன்பே குறை சொன்னவர்கள் உண்டு. ஹோமரும் ஹெசியோதும் திருட்டையும் பிறன்மனை நயத்தலையும் தெய்வங்கள்மேல் ஏற்றினார்கள் என்று பழைய கவிஞரும் தத்துவவாதியுமான செனோபனீஸ் சாடினார். பின்னால் பிளேட்டோ தன் இலட்சிய நகரத்தில் கவிஞர்களுக்கு இடம் மறுத்ததும், அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' எழுதியதும் பலர் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

'கிரிதிகோஸ்', அதாவது கிரிட்டிக், ஒரு தொழிலின் பெயராக நிற்கத் தொடங்கியது அலெக்சாந்தர் காலத்துக்குப் பிறகுதான். கோஸ் தீவின் பிலிதாஸைக் கவிஞரும் கிரிதிகோஸுமானவர் என்று புவியியலாளர் ஸ்திராபோ குறிப்பிடுகிறார். அலெக்சாந்திரியா நூலகத்தில் ஹோமரின் ஏடுகள் பல ஊர்களிலிருந்து வந்து குவிந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்த நூலகத்து அறிஞர் செனோதோதஸ் ஒரு வழி கண்டார். இந்த வரி ஹோமருடையதாக இருக்காது என்று தோன்றினால், இடது ஓரத்தில் ஒரு சிறு கோடு. அதற்கு 'ஒபெலோஸ்' என்று பெயர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அதே நூலகத்து அரிஸ்தார்க்கஸ் இந்தக் குறிகளை இன்னும் பெருக்கி, எந்த வரிக்கு ஏன் போட்டேன் என்று உரையும் எழுதினார்.

இதில் நான் மிகவும் மதிப்பது, கோடு போட்ட வரியை அவர்கள் அழித்துவிடவில்லை. படிப்பவர் தாமே பார்த்து முடிவு செய்யலாம். வெனிஸில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டு இலியட் கையெழுத்துப்படியில் அந்தக் குறிகளை இன்றும் காணலாம். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பில் 'பி-ம்.' என்று போட்டுப் பிரதிபேதங்களை, அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் பாடங்களைக் காட்டினாரே, அந்த நேர்மையும் இதே வகைதான்.

பெர்கமோன் நகரத்துக் கிராத்தஸ் தன்னை இலக்கணக்காரர் என்று அழைக்கவிடாமல், கிரிதிகோஸ் என்றே சொல்லிக்கொண்டார். கிரிதிகோஸ் தலைமைக் கொத்தனார், இலக்கணக்காரர் அவருக்குச் சித்தாள் என்பது அவர் கருத்து. கி.மு. 168 வாக்கில் ரோமுக்குத் தூது போன அவர் சாக்கடைத் திறப்பில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கால் கூடும்வரை அங்கேயே தங்கி விரிவுரை ஆற்றினார். ரோமில் இலக்கியப் படிப்பு அப்படித்தான் வேர் பிடித்தது என்று ரோம எழுத்தாளர் சுவெத்தோனியஸ் எழுதுகிறார்.

இலக்கணத் தரப்பும் சும்மா இல்லை. கிரேக்க இலக்கண ஆசிரியர் தியோனிசியஸ் திராக்ஸ் தன் இலக்கண நூலில் இலக்கணத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, கடைசிப் பகுதியாகக் 'கவிதைகளின் கிரிசிஸ்' என்பதை வைத்து, இந்தக் கலையில் எல்லாவற்றிலும் அழகானது இதுதான் என்றார். 'உன்னதம்' பற்றிய நூலை எழுதியவர், லாங்கினஸ் என்று நாம் அழைப்பவர், இலக்கியத்தைத் தீர்மானிப்பது நீண்ட அனுபவத்தின் கடைசிக் கனி என்கிறார். பழங்கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவின் புகழ்பெற்ற ஒரு காதல் பாடல் நமக்குக் கிடைத்ததே அவர் அதை மேற்கோள் காட்டி ரசித்ததால்தான். குறை சொல்லவே பிறந்த வேலையாக இருந்திருந்தால் அந்தப் பாட்டு நம் கைக்கு வந்திருக்காது.

சரி, தமிழுக்கு வருவோம். பரவலாக இருப்பது விமர்சனம். விமரிசனம் என்றும் எழுதுவார்கள். சம்ஸ்கிருதத்தின் 'விமர்ச' என்பதிலிருந்து வந்தது. தொடு, தடவிப் பார் என்ற பொருளுடைய வினைவேர் அதற்குள் இருக்கிறது. தொட்டுத் தடவி ஆலோசித்தல் என்று பொருள் வளர்ந்தது. நாடக இலக்கணத்தில் ஐந்து சந்திகளில், அதாவது கதைப்போக்கின் ஐந்து கட்டங்களில், நான்காவதற்கும் இதே பெயர் உண்டு. ஆனால் வடமொழி மரபு தன் நடுவர்களை இந்தச் சொல்லால் அழைக்கவில்லை. நாட்டிய சாத்திரம் நாடகப் போட்டியில் வழக்குத் தீர்ப்பவர்களைப் 'பிராச்னிகர்' என்கிறது. வேள்வி தெரிந்தவர், ஆடுபவர், யாப்பறிந்தவர், இலக்கணம் அறிந்தவர், அரசர், வில்லாளி, ஓவியர், கணிகை, இசைவாணர், அரசுப் பணியாளர் என்று பத்துப் பேரை அது வரிசைப்படுத்துகிறது. மேடையில் வில் வளைத்தால் வில்லாளி பார்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை வேறெங்கும் நான் படித்ததில்லை.

தமிழில் இப்படித் தீர்ப்புச் சொல்பவருக்கு ஒரு பழஞ்சொல் உண்டு: காரணிகன். காதல் ஒழுக்கம் பற்றிய பழைய இலக்கண நூலான இறையனார் களவியலின் உரை சொல்லும் கதை அது. இறையனாரின் அறுபது சூத்திரத்துக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்து, எது மெய்யுரை என்று பூசலிடுகிறார்கள். எங்களுக்கு ஒரு காரணிகன் வேண்டும் என்று கேட்கிறார்கள். உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் வருகிறான். ஐந்து வயது, வாய் பேசாத பிள்ளை. அவனுக்கு வெள்ளை உடுத்தி, வெண்பூச் சூட்டி, வெண்சாந்து பூசிப் பலகையில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொருவராக உரை வாசிக்கிறார்கள், பிள்ளை அசையவில்லை. மருதன் இளநாகனார் வாசிக்கும்போது சில இடங்களில் மெய் சிலிர்க்கிறது. நக்கீரர் வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வழிகிறது. அதுதான் தீர்ப்பு. இந்தச் சொல் வழக்கிலிருந்து போய்விட்டது. இன்று திரும்பக் கொண்டுவந்தால் 'காரணம்' என்று குழம்பிப் போவார்கள் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஹோமரின் களத்துக்கு நேர்ச்சொல் 'தூற்றுதல்'. பாருங்கள், தமிழிலும் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதில் அது நல்ல வேலை; அலர் தூற்றுதல், பழி தூற்றுதல் என்பதில் அவதூறு. கிரிட்டிசிசம் போன அதே பாதை! ஆகவே அதையும் விட்டுவிடலாம்.

எஞ்சுவது 'ஆய்தல்'. தொல்காப்பிய உரியியல் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்று, இருப்பதை நுணுக்குவதை அதன் பொருளாகச் சொல்கிறது. 'ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை' என்ற குறளில் தேர்ந்தெடுப்பது பொருள். வீட்டில் இன்றைக்கும் கீரை ஆய்கிறோம்: பழுத்த இலை, பூச்சி அரித்தது, முற்றிய தண்டு எல்லாம் ஒருபக்கம், குழம்புச் சட்டிக்குப் போவது ஒருபக்கம். கிரினெய்ன் செய்கிற அதே வேலை, வசைப்பொருள் ஒட்டாமல். இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த 'திறனாய்வு' இந்த வினைமேல் நிற்கிறது. படைப்பின் திறன் எது என்று ஆய்வது என விரித்தால், எதைத் தேட வேண்டும் என்பதையும் சொல் தன்னோடு வைத்திருக்கிறது. எனவே துறையின் பெயராகவும், ஆழமான கட்டுரைக்கும் திறனாய்வு என்பதே என் தேர்வு, செய்பவர் திறனாய்வாளர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுப் புத்தகம் பற்றி இதழ்களில் வரும் ரிவ்யூவுக்கு மதிப்புரை. சினிமாவுக்கு விமர்சனம் நிலைத்துவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. கிரைட்டீரியனுக்கு அளவுகோல். அரிஸ்தார்க்கஸ் செய்தது மூலபாட ஆய்வு. அதன் பயனாக வரும் கிரிட்டிகல் எடிஷன் செம்பதிப்பு. அரசியல்வாதி ஒருவர் இன்னொருவரைத் திட்டினால், அங்கே கண்டித்தார், சாடினார் என்றே எழுதலாம்.