சாஃப்ட் புரூஃப்: மென்சான்று அல்ல, திரைமெய்ப்பு

புகைப்பட அச்சு பற்றிய ஒரு காணொளியில் நேற்றும் ‘மென்சான்று’ காதில் விழுந்தது. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். சாஃப்ட் புரூஃபைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் திரையில் மின்னும் நீலமும் பச்சையும் மையில் அப்படியே வருவதில்லை. எந்த அச்சுப்பொறி, எந்த மை, எந்தத் தாள் என்பதற்கேற்ற விவரக்கோப்பை (புரொஃபைல்) வைத்து, அச்சில் படம் எப்படி வரும் என்று திரையிலேயே முன்கூட்டிப் பார்ப்பதுதான் சாஃப்ட் புரூஃப். அதற்கு முன் திரையை அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்த திரையை நம்பினால் அச்சு இருண்டுதான் தெரியும்.

புரூஃப் என்ற சொல்லின் வேர் லத்தீனின் ‘புரோபாரே’, சோதித்துப் பார்த்தல். அச்சகத்தார் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளை. ஆதாரம் என்பது இன்னொரு கிளை.

சான்று என்றால் நடந்ததற்குச் சாட்சி. இங்கே ஒரு சொட்டு மைகூட இன்னும் தாளில் விழவில்லையே, எதற்குச் சான்று? அதிலும் ‘மென்’ வேறு! வழக்கில் எடுபடாத சாட்சியைப் போல ஒலிக்கிறது. மென்பொருள் நிலைத்துவிட்டது, சரி. அதற்காக சாஃப்ட் வரும் இடமெல்லாம் மென்னை ஒட்டுவதா? தாளில் இல்லை, திரையில் இருக்கிறது என்பதைத்தான் அந்த சாஃப்ட் சொல்கிறது.

அச்சுத் தொழிலில் மெய்ப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. மெய்ப்புத் திருத்துநர் என்று ஒரு வேலையே உண்டு. ‘மெய்ப்பும் மெய்ப்பிப்பதோடு உறவுள்ளதுதானே, அதுவும் ஆதாரம்தானே?’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். ஆனால் புத்தகம் போட்ட எவருக்கும் மெய்ப்பு என்றதும் நினைவுக்கு வருவது அச்சேறுமுன் பிழை பார்க்கும் தாள். வேர் எங்கே இருந்தாலும் புழக்கம் அதை அச்சகத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. ஆகவே திரையில் பார்ப்பது திரைமெய்ப்பு. தாளில் அச்சிட்டுப் பார்க்கும் ஹார்ட் புரூஃப் தாள்மெய்ப்பு.

அப்புறம் இந்த ‘வண்ண சுயவிவரம்’. புரொஃபைல் என்று கண்டாலே சுயவிவரம் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். நிறத்துக்கும் பிறந்த தேதி, படிப்பு, முன்னனுபவம் எல்லாம் இருக்கும்போல. 1993இல் தொடங்கிய ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம்) என்ற வண்ணத் தர அமைப்பு வகுத்த இந்தக் கோப்பில் இருப்பது, ஒரு கருவி எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைத் தருகிறது என்ற கணக்கு. வண்ண விவரக்கோப்பு என்றால் போதும். அந்த ‘சுய’த்தை மட்டுமாவது வெட்டிவிடுங்கள்.