சைடிங்: பக்கவாட்டா, ஒதுங்குதடமா?

மாதிரி ரயில் கட்டும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு படம் அனுப்பினார். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில், நாலு விரல்கடைக்கு ஒன்றாக, சிவப்பும் கறுப்புமாகக் கம்பிகள். பற்றவைப்பு நகைக்கடை வேலைபோல இருந்தது. “புத்தகத்தில் சொன்னபடிதான் செய்தேன் சார், ஓரத்து லைனில் நிற்கும் எஞ்சின் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது” என்றார்.

அவர் படித்த தமிழ்க் குறிப்பில் “பக்கவாட்டுகளுக்கு மின்சாரம் கொடுக்கவும்” என்றிருந்தது. ஆங்கில மூலம் சொன்னது சைடிங்குகளை, அதாவது வண்டி ஒதுங்கி நிற்க மெயின் லைனிலிருந்து பிரியும் ஓரத் தடங்களை. இவர் புரிந்துகொண்டது தண்டவாளத்தின் பக்கவாட்டை. அவரைக் குறை சொல்ல முடியாது. கம்பியை வெளிப்பக்கத்தில் பற்றவைப்பதுதான் சரியான முறை. உட்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு தட்டும். பிழையான வரியும் பொருத்தமாகப் பொருள் தந்துவிட்டது.

சைடிங் என்பது ‘பக்கம்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, அவ்வளவுதான். பிரிட்டனிலும் நம் ரயில்வேயிலும் பெரும்பாலும் ஒரு முனை மூடிய தடத்தைச் சொல்வார்கள். இரு முனையும் மெயின் லைனில் சேர்ந்தால் லூப். அமெரிக்கர்களுக்கு இரு முனையும் சேர்ந்ததுதான் சைடிங், முனை மூடியது ஸ்பர்.

‘பக்கவாட்டுப் பாதை’ என்று முழுதாக எழுதினால் போதாதா என்பார்கள். போதாது. இரட்டைப் பாதையில் இரண்டாவது லைனும் முதலாவதற்குப் பக்கவாட்டில்தான் ஓடுகிறது. அதை யாரும் சைடிங் என்பதில்லை. பக்கவாட்டு என்பது இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. ‘கிளைப்பாதை’ என்றால் பிராஞ்ச் லைன், அது ஏற்கெனவே வேறு ஊருக்குப் போய்விட்டது. ‘துணைத்தடம்’ பரவாயில்லை, ஆனால் எதற்குத் துணை?

எதிரே பஸ் வந்தால் சைக்கிளை ஒதுக்குகிறோம். மழை வந்தால் கடை வாசலில் ஒதுங்குகிறோம். வண்டியும் அதைத்தான் செய்கிறது. ‘ஒதுங்குதடம்’ என்றால் என்ன கேடு? ஊர்ப்பக்கம் ஒதுங்கப் போவதற்கு வேறு பொருள் உண்டு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முனை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் சொல் பொருந்தும். மாதிரி ரயிலில் இன்னொரு வசதியும் உண்டு. தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்கு மின்சாரம் போகும் பழைய 12 வோல்ட் டிசி (நேர்மின்னோட்ட) அமைப்பில், வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டை மெயின் லைனுக்குத் திருப்பினால், பல வகைப் பாயிண்டுகளில் சைடிங்குக்கு மின்சாரம் நின்றுவிடும். அங்கே ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு, அதே கன்ட்ரோலரில் இன்னொன்றை ஓட்டலாம். வண்டி ஒதுங்குகிறது, தடமே மின்சாரத்திலிருந்து ஒதுக்கப்படுகிறது. பக்கவாட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

நண்பருடையதும் அந்த வகைதான், எஞ்சினில் கோளாறே இல்லை. ஆனால் அவருக்கு நிற்கும்போதும் விளக்கு எரிய வேண்டுமாம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறைக்கு மாறப் போகிறார். அதில் எல்லாத் தடத்திலும் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். சரி, சைடிங்குக்குத் தனியாக ஒரு ஜோடிக் கம்பி கொடுங்கள் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் மறுபடி போன்: பாயிண்டை மெயினுக்குத் திருப்பினால் கன்ட்ரோலர் ‘டிரிப்’ ஆகிறது.

குறிப்பின் அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். “தவளைக்கு அப்பால் இடைவெளி விடவும்.”

தவளை! பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் ஆப்பு வடிவ முனைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். குதிரைக் குளம்பின் அடியிலுள்ள ஆப்பு போன்ற பகுதிக்கும் அதே பெயர். அந்தச் சாயலில் வந்தது என்பார்கள். குளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘கூடுமுனை’ என்று எழுதியிருந்தால் நண்பர் தேடியாவது பார்த்திருப்பார். ஏதோ அச்சுப்பிழை என்று தாண்டிப்போயிருக்கிறார். அந்த முனை உலோகமாக இருந்தால், பாயிண்ட் திரும்பும்போது அதன் துருவமும் மாறும். மெயினுக்குத் திருப்பியதும் சைடிங்கின் இரண்டு தண்டவாளமும் ஒரே துருவமாகிவிடும்; அந்த நேரம் பார்த்து நாம் எதிர்த்துருவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

முனையிலிருந்து சைடிங்குக்குப் புறப்படும் உட்பக்கத் தண்டவாளத்தில் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் ஒன்று போட்டார், புதுக் கம்பிகளை அதற்கு அப்பால் இணைத்தார். விளக்கு எரிகிறதாம்.