மாட்சா: நிழலில் வளர்த்து, இலையோடு குடிப்பது

உல்லையில் அலைச்சறுக்கல்காரர்கள் வந்து குவியும் மாதங்களில், அறுகம்குடாக் கடற்கரையோரக் கடைகளின் பலகைகளில் மாட்சா லாட்டேயும் (ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைப் பாலில் கலக்கிய பானம்) எட்டிப் பார்க்கிறது. "கிறீன் டீயைத் தூளாக்கி இந்த விலைக்கு விற்கிறாங்கள்" என்பது நம் ஆட்களின் தீர்ப்பு. பாதி சரி. பிளேன்டீ, கிறீன் டீ, மாட்சா மூன்றும் ஒரே தேயிலைச் செடியின் இலைதான். ஆனால் வீட்டிலுள்ள கிறீன் டீயைக் கிரைண்டரில் போட்டு அரைத்தால் மாட்சா கிடைக்காது.

வெறும் தண்ணீரில் கலக்கிய மாட்சாவைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். மேலே நிறம் வெளுத்துக்கொண்டு போகும். அடியில் கரும்பச்சைச் சேறு படியும். அதை விரலில் எடுத்துத் தேய்த்தால் கரகரப்பே இருக்காது. தூள் கரையவில்லை, மிதந்துகொண்டுதான் இருந்தது. கிறீன் டீயில் சுடுநீர் இழுத்தெடுத்ததை மட்டும் குடித்துவிட்டு இலையை வீசிவிடுகிறோம். முருங்கை இலையை அவித்த தண்ணீரைக் குடிப்பதற்கும், அதே இலையை வறையாக்கிச் சோற்றோடு சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நார்ச்சத்து, பச்சையம், விற்றமின் கே போன்ற நீரில் கரையாதவை எல்லாம் மாட்சாவில் உள்ளே போகின்றன.

இலையை முழுதாக விழுங்க வேண்டுமென்றால் அது அதிகம் துவர்க்கக் கூடாது. அதற்கான வேலை தோட்டத்திலேயே தொடங்குகிறது. ஜப்பானில் கியோட்டோப் பக்கத்து உஜி, அய்ச்சி மாகாணத்து நிஷியோ போன்ற இடங்களில், கொழுந்து பறிப்பதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். தேயிலைச் செடி தன் வேரில் தியானின் என்ற அமினோ அமிலத்தை உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது. நல்ல வெயில் பட்டால் இலைக்குள் தியானின் சிதைந்து, கைப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின்கள் பெருகும். வெயிலை மறைத்தால் அந்த மாற்றம் மந்தமாகி, தியானின் நிறைய மிஞ்சும். மாட்சாவின் இதமான, கறிச்சாறு போன்ற சுவை இதனால்தான். குறைந்த வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பை ஓட்டியாக வேண்டுமே, அதற்காக இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது, நிறம் அடர்கிறது.

பறித்ததும் ஆவியில் அவிப்பார்கள். பிளேன்டீத் தேயிலையைக் கறுப்பாக்கும் நொதியங்கள் சூட்டில் செயலிழக்கும், ஒட்சியேற்றம் நிற்கும். இதுவரை ஜப்பானியக் கிறீன் டீக்கும் இதே வழிதான். அப்புறம் கிறீன் டீ இலையை உருட்டிச் சுருட்டிக் காய வைப்பார்கள். மாட்சா இலையை உருட்டாமல் காய வைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கி, கருங்கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு திரிகையில் மணிக்கு 40 கிராம் அளவுதான் வரும். வேகம் கூடினால் கல் சூடேறி நிறமும் மணமும் கெடும். அந்தத் தூளின் ஒரு துணிக்கை ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர். சமையலறைக் கிரைண்டர் தோற்பது இங்கேதான்.

கிறீன் டீயைவிட 137 மடங்கு கேட்டகின் என்று விளம்பரங்களில் ஒரு கணக்கு ஓடுகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த எண் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு கடைத் தேயிலையோடும், ஈஜிசிஜி என்ற ஒரு வகைக் கேட்டகினை மட்டும் வைத்தும் செய்த ஒப்பீடு. மற்றத் தேயிலைகளின் உச்ச அளவுகளோடு பார்த்தால் குறைந்தது மூன்று மடங்கு என்று அதே ஆய்வு சொல்கிறது. அதை எந்த டப்பாவிலும் அச்சடிக்கக் காணோம்! நிழல் கேட்டகினைக் குறைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மாட்சாக் கோப்பையில் அது கூடுதலாக இருப்பது இலையை முழுதாக விழுங்குவதால்தான்.

கஃபீனும் மாட்சாவில் கூடுதல். ஒரு கோப்பை கிறீன் டீயில் சுமார் 30 மில்லிகிராம் என்றால், 2 கிராம் மாட்சாவில் 60ஐத் தாண்டுவது சாதாரணம். இரவு நித்திரைக்குச் சிரமப்படுபவர்கள் பின்னேரத்தில் தவிர்க்கலாம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், இரத்தம் உறைய உதவும் அந்த விற்றமின் கே காரணமாக, டொக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சோற்றுக்குப் பின் உடனே குடிப்பதும் நல்லதல்ல. கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை எந்தத் தேயிலையும் குறைக்கும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இதை வாங்கி வைப்பவர்களுக்கு உண்மையான எதிரி நம் காலநிலைதான். சூடும் வெளிச்சமும் பட்டால் பச்சைய மூலக்கூற்றின் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்றுபோய், தூள் பழுப்பேறும். கடற்காற்றின் ஈரத்தில் கட்டி தட்டும். காற்றுப் புகாத டின்னில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த தூளின் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் உடனே வியர்த்துப் படியும். டின்னின் குளிர் விட்ட பிறகு திறந்து, தேவையானதை எடுத்து, சட்டென்று மூடிவிட வேண்டும். கலக்கும்போது தேத்தண்ணிக்கு ஊற்றுவதுபோல் கொதிநீர் ஊற்றினால் கைப்புத்தான் முன்னுக்கு வரும். கொதித்த நீரை 80 பாகை செல்சியஸுக்கு ஆறவிட்டு, தூளைச் சின்ன அரிதட்டில் அரித்துப் போட்டு அடித்தால் கட்டியில்லாமல் நுரைக்கும்.